பத்து கிராமா, நூறு கிராமா: கைவசமுள்ள வெள்ளியை எந்தத் தீயில் உருக்குவது?

சேலத்தில் கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால், வெள்ளி உருக்குவதைப் பற்றிய கேள்விகள் எனக்கு வந்துகொண்டே இருக்கும். அண்மையில் ஒரே மாதத்தில் மூன்று பேர் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கோவையில் வீட்டிலிருந்தபடியே மோதிரமும் தொங்கட்டானும் செய்து விற்கும் ஒரு பெண், அரப்பொடியும் வெட்டுத்துண்டுமாகச் சேர்ந்துவிட்ட இருபது, முப்பது கிராமைத் தானே உருக்கிக்கொள்ள விரும்புகிறார். சேலத்தை அடுத்த சிவதாபுரம் பக்கம் கொலுசுக்குக் கண்ணி பற்றவைக்கும் இளைஞர் ஒருவர், வாரம் இரண்டு முறை நூறு கிராம் அளவுக்குச் சேரும் கழிவைக் கம்பியாக இழுத்துக்கொள்ள எந்த ஏற்பாடு கட்டுபடியாகும் என்று கேட்கிறார். கோபியிலிருந்து எழுதிய ஒருவர், பாட்டியின் பழைய தண்டையையும் அறுந்த அரைஞாண்கொடியையும் அழித்துப் பேத்திக்குக் கொலுசு செய்ய நினைக்கிறார். கடையில் கொடுத்தால் ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்தில், ‘நாமே கேஸ் தீயில் உருக்கிவிட முடியாதா’ என்கிறார்.

மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல இயலாது. ஆகவே வழிகளை வரிசையாக எடுத்துக்கொண்டு எது யாருக்குப் பொருந்தும் என்று பார்க்கிறேன். கால் கிலோவுக்குக் குறைந்த வெள்ளியைப் பற்றியே பேசுகிறேன். அதற்கு மேல் போனால் அது வேறு தொழில்.

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், ஒரு முறைக்கு எத்தனை கிராம் என்பது. மற்றவை எல்லாம் இதைப் பின்தொடர்ந்தே வரும். இரண்டாவது, சேதாரம்: உள்ளே போட்ட எடைக்கும் வெளியே வந்த எடைக்கும் உள்ள வித்தியாசம். மூன்றாவது, வார்த்த கட்டி அடியைத் தாங்குமா என்பது. உருகிவிட்டது என்பதாலேயே வேலை முடிந்துவிடாது. அந்தக் கட்டி சுத்தியலுக்குக் கீழே வெடிக்காமல் தகடாக வேண்டும், கம்பியச்சின் ஓட்டையில் அறுந்துபோகாமல் இழுபட வேண்டும். நான்காவது ஆபத்து. ஐந்தாவது செலவு, வாங்கும்போது கொடுக்கும் விலை அதில் ஒரு பகுதிதான்.

பலரும் முதல் அளவுகோலாக வைப்பது தீயின் சூட்டை. ‘இந்த டார்ச் எத்தனை டிகிரி போகும்’ என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. சுத்த வெள்ளி சுமார் 962 டிகிரி செல்சியஸில் உருகும். நூற்றுக்கு ஏழரைப் பங்கு செம்பு கலந்த 92.5 வெள்ளி, 890 டிகிரிவாக்கில் முழுவதும் நீராகிவிடும். 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு செம்பும் என்ற விகிதத்துக்கு வந்தால் 780 டிகிரியே போதும். காற்றில் எரியும் எல்பிஜி தீயோ சுமார் 1,900 டிகிரி. வீட்டுச் சமையல் அடுப்பில் எரிவதும் அதே கேஸ்தான். ஆயினும் கரண்டியில் வெள்ளியை வைத்து அந்த அடுப்பின் மேல் எத்தனை நேரம் பிடித்தாலும் அது உருகப்போவதில்லை.

கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். 50 கிராம் வெள்ளியை அறைச் சூட்டிலிருந்து உருகுநிலைக்கு ஏற்றி முழுவதும் நீராக்கச் சுமார் 17 கிலோஜூல் வெப்பம் போதும். ஒரு கிராம் எல்பிஜி எரிந்தால் கிட்டத்தட்ட 46 கிலோஜூல் கிடைக்கும். அதாவது அரை கிராம் கேஸ்கூடத் தேவையில்லை. நடைமுறையில் அதைப்போலப் பல மடங்கு கேஸ் எரிகிறது. மிச்ச வெப்பமெல்லாம் வெள்ளியை வைத்து உருக்கும் கிண்ணமான மூசையையும் அடியிலுள்ள கல்லையும் சுற்றியுள்ள காற்றையும் சூடாக்கிவிட்டுப் போகிறது. ஆகவே தீ எவ்வளவு சூடு என்பதைவிட, வெள்ளி இருக்கும் குழியில் அந்தச் சூடு எவ்வளவு தேங்குகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஊதுகுழலை வாயில் வைத்து, கொட்டாங்குச்சிக் கரியில் குடைந்த குழியில் வெள்ளியை உருக்கிய பழைய ஆசாரிகள் இதைக் கணக்குப் போடாமலே அறிந்திருந்தார்கள். கரி தானும் கனன்று சூடு தருகிறது; குழி அந்தச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது; சுற்றியுள்ள ஆக்சிஜனையும் கரி தின்றுவிடுகிறது.

கடைசியாகச் சொன்னதுதான் மூன்றாவது அளவுகோலின் உயிர். உருகிய வெள்ளி, தன் கன அளவைப்போல ஏறத்தாழ இருபது மடங்கு ஆக்சிஜனை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். உறையும்போது அவ்வளவையும் வெளியே தள்ளும். சில நேரம் கட்டியின் மேற்பரப்பு வெடித்துச் சிறு துளிகளைத் துப்பும். துப்பாவிட்டால் உள்ளேயே நுண்குழிகளாகத் தங்கிவிடும். அடிக்கும்போது தகட்டில் கொப்புளம் கிளம்புகிறது, கம்பி பாதியில் அறுகிறது என்றால், பெரும்பாலும் வெள்ளியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. தீயைத்தான் பார்க்க வேண்டும். சுத்த வெள்ளியில் இந்தத் தொல்லை மிக அதிகம். செம்பு கலந்ததில் குறைவு, ஆனால் அதில் செம்பு கருத்துப்போகும் தொல்லை சேர்ந்துகொள்ளும்.

கேன் டார்ச்

இருநூற்றுச் சொச்சம் கிராம் பியூட்டேன் அடைத்த கேனின் தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச், சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. ரெகுலேட்டர் வேண்டாம், குழாய் வேண்டாம். மேசை மேலேயே வேலை முடிந்துவிடும். கோவைப் பெண்ணின் கண் இதன் மேல்தான் இருந்தது.

பத்து கிராம் வரை இது நன்றாகவே உருக்கும். இருபது கிராமுக்குக் கரிக்கட்டையிலோ எடை குறைந்த காப்புச் செங்கலிலோ குழி குடைந்து, பின்னால் ஒரு செங்கலை மறைப்பாக நிறுத்த வேண்டும். முப்பதைத் தாண்டினால் இழுபறிதான்: ஓரத்தில் உருகும், நடுவில் உறையும், பத்து நிமிடம் தீயைப் பிடித்துக்கொண்டே இருந்தால் அவ்வளவு நேரமும் வெள்ளி ஆக்சிஜனைக் குடித்துக்கொண்டிருக்கும்.

செங்கலைப் பற்றி ஒரு வார்த்தை. சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டில் கிடைக்கும் மேக்னசைட், உலைச் செங்கலுக்குப் பேர்போனது; அதனால் ‘உலைச் செங்கல் நம்மூரிலேயே இருக்கிறதே’ என்று கனமான செங்கல்லை வாங்கி வந்துவிடுகிறார்கள். அது பெரிய உலையின் உட்சுவருக்கானது. சிறு தீயின் முன்னால் வைத்தால் சூட்டைத் தான் குடித்துவிட்டு வெள்ளிக்கு மிச்சம் வைக்காது. கையில் எடுத்தால் ரொட்டித் துண்டுபோல் லேசாக, உடலெல்லாம் நுண்துளையாக இருக்கும் காப்புச் செங்கல்லே இந்த வேலைக்கு உரியது.

மறைந்திருக்கும் செலவுகள்: கேனிலுள்ள கேஸை எடைக்கு எடை கணக்கிட்டால் சிலிண்டர் கேஸைவிடப் பல மடங்கு விலை. திரவம் ஆவியாகும்போது கேன் குளிர்ந்துவிடுவதால், தொடர்ந்து பிடித்தால் தீ தளர்ந்துபோகும். மார்கழிக் காலையில் இன்னும் சீக்கிரம் தளரும். கேனைத் தலைகீழாகச் சாய்த்தால் கேஸுக்குப் பதில் திரவமே வெளிவந்து, தீ ஒரு முழம் நீண்டு முகத்துக்கு வரும். வார்க்கும் நேரத்தில், ஒரு கையில் இடுக்கியும் மறு கையில் டார்ச்சுமாக இருக்கும்போது, கையைச் சாய்க்காமல் இருப்பது கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. கேன் டார்ச்சை வார்ப்பதற்கே பயன்படுத்தாமல், குழியிலேயே உருட்டி உறையவிட்டு அடித்துக்கொள்ளும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

சிலிண்டரும் காற்றும்

முப்பதிலிருந்து நூற்றைம்பது கிராம் வரை உருக்குபவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சேலத்துப் பட்டறைகளில் கரி அடுப்பின் இடத்தைப் பெரும்பாலும் இது பிடித்துவிட்டது. இதில் இரண்டு வகை. ஒன்று, காலால் மிதிக்கும் துருத்தியிலிருந்தோ சிறு கம்ப்ரஸரிலிருந்தோ காற்று தனிக் குழாயில் வந்து டார்ச்சில் கலப்பது. இதற்குக் குறைந்த கேஸ் அழுத்தமே போதும். மற்றது, டார்ச்சின் கழுத்திலுள்ள துளைகள் வழியாகக் காற்றைத் தானே இழுத்துக்கொள்வது. இதற்கு 1, 2 பார் அழுத்தம் தரும் உயர் அழுத்த ரெகுலேட்டர் வேண்டும். வீட்டு அடுப்பின் ரெகுலேட்டர் தருவது சுமார் 30 மில்லிபார்தான். அதில் இந்த டார்ச்சை மாட்டிவிட்டு ‘தீ சீறவில்லை’ என்று வருந்திப் பயனில்லை.

துருத்தி வகையை நான் உயர்வாக வைப்பதற்குக் காரணம், தீயின் குணத்தைக் காலால் மாற்ற முடிவதுதான். காற்றைக் குறைத்தால் தீ மெத்தென்று, நுனியில் சற்றே மஞ்சளோடி, ஓசையடங்கி எரியும். அதில் உபரி ஆக்சிஜன் இல்லை, வெள்ளிக்கு நல்லது. காற்றைக் கூட்டினால் தீ ஒடுங்கிக் கூராகி ‘உஸ்’ என்று சீறும்; சூடு கூடும், ஆனால் ஆக்சிஜனும் கூடும். சூடேற்றும்போது கொஞ்சம் சீறலும், உருகத் தொடங்கியபின் மெத்தென்ற தீயுமாக மாற்றிக்கொண்டால் கட்டி சுத்தமாக வரும். தீயில் அதிகச் சூடு இருப்பது உள்ளிருக்கும் நீலக் கூம்பின் நுனியைச் சற்றுத் தாண்டிய இடத்தில்; டார்ச்சை வெள்ளியோடு ஒட்டிப் பிடிப்பவர்கள் கூம்பின் சூடு குறைந்த பகுதியையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உருக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் சேதாரம் இங்கேதான் உண்டாகிறது. புது மூசையை வெறுமையாகச் சூடாக்கி, வெண்காரத்தை (போராக்ஸ்) தூவி, உட்புறம் முழுவதும் கண்ணாடிபோல் பூச்சு படியவைத்த பிறகே வெள்ளியைப் போட வேண்டும். (குகை என்றும் இதைச் சொல்வதுண்டு, சேலத்துக்காரருக்குக் குகை என்றதும் பேட்டைதான் நினைவுக்கு வரும் என்பதால் மூசை என்றே எழுதுகிறேன்.) பூச்சு இல்லாத மூசையின் சொரசொரப்பில் வெள்ளி மணி மணியாக ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். வெண்காரத்தையும் முன்னரே வாணலியில் பொரித்து வைத்துக்கொள்வது நன்று. கடையில் வாங்கும் வெண்காரத்தில் நீர் கட்டுண்டிருக்கிறது. அப்படியே போட்டால் நுரைத்துப் பொங்கும்போது அரப்பொடியைத் தூக்கி வெளியே கொட்டிவிடும்.

அரப்பொடியைக் காந்தத்தால் இரண்டு முறை துழாவி இரும்புத்தூளை நீக்கிவிட்டு, பொரித்த வெண்காரத்தோடு மெல்லிய தாளில் பொட்டலமாகக் கட்டி மூசையில் வைக்கிறோம். திறந்த பொடியின் மேல் தீயைக் காட்டினால் பாதியைத் தீயின் வீச்சே ஊதிவிடும். வெட்டுத்துண்டுகளை அதற்கு மேல் அடுக்கலாம். முதலில் மூசையின் சுவரைச் சுற்றிச் சூடாக்கி, அது சிவந்தபின் வெள்ளிக்கு வருவது முறை. துண்டுகள் முதலில் ஓரம் மழுங்கும், பிறகு ஒன்றன்மேல் ஒன்று சரியும், பிறகு ஒரு கணத்தில் எல்லாம் ஒன்றாகித் திரண்டு உருளும். அப்போதும் மேலே பால் ஏடுபோல் ஒரு மங்கல் இருக்கும். அது விலகி, தீயின் அசைவே தெரியும் கண்ணாடியாக வெள்ளி தெளிந்து சுழல்கிற நேரமே வார்க்கும் நேரம். என் பெரியப்பா பட்டறையில் இருந்த முதிய ஆசாரி ஒருவர், “வெள்ளி முழிச்சுப் பாக்கோணும் கண்ணு, அதுக்கு முன்னால கையெடுத்தராத” என்பார். முழித்த பிறகும் தீயைக் காட்டிக்கொண்டே நிற்பது அதே அளவு தவறு. இந்த நிறமாற்றங்கள் வெயிலில் கண்ணுக்குத் தெரியா. நிழலில்தான் உருக்க வேண்டும்.

வார்க்கும்போதும் தீ வெள்ளியின் மேல் நிற்க வேண்டும். இரும்பு அச்சை முன்னரே சூடாக்கி, நல்லெண்ணெயோ மெழுகோ மெல்லத் தடவி வைத்திருக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், சன்னலோரம் கிடந்த அச்சைத் துணியால் துடைத்துவிட்டு, போதும் என்று நாற்பது கிராமை ஊற்றிவிட்டேன். அச்சின் மூலையில் இருந்த ஈரம் ஒரே நொடியில் ஆவியாகி, வெள்ளியைப் பட்டாசுபோல் மேலே எறிந்தது. சுவரிலும் உமி மூட்டையிலுமாகப் பொறுக்கியது முப்பத்தொரு கிராம். முன்கையில் இரண்டு தழும்பு மிச்சம். கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. பருத்திச் சட்டையும் மூடிய செருப்பும் ஏன் என்று அன்றைக்குப் பிறகு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த வழியின் மறைமுகச் செலவுகளில் பெரியது சட்டம் சார்ந்தது. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது குற்றம். 19 கிலோ வணிகச் சிலிண்டரோ 5 கிலோ சிறு சிலிண்டரோ வாங்க வேண்டும். சிறு வேலைக்கு 5 கிலோவே ஏற்றது. அடுத்தது இடம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு பரவித் தாழ்வான மூலையில் தேங்கும். ஆகவே தரைமட்டத்தில் காற்றோட்டம் இல்லாத அறையும், படி இறங்கிச் செல்லும் அறையும் உதவா. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும்; ஒவ்வொரு முறை மாட்டும்போதும் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, நம் பக்கத்துக்கே உரிய ஒரு செலவு: காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் நுழையும் காற்று, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்தில் திறந்த திண்ணையில் டார்ச் பிடிக்கவே விடாது. தீ வளையும், மூசையின் ஒரு பக்கம் குளிரும், இரண்டு மடங்கு கேஸ் போகும். அறைக்குள் போனாலோ காற்றோட்டம் வேண்டும். மூன்று பக்கமும் செங்கல் அடுக்கி மேலே ஒரு செங்கல் மூடிய சிறு கூண்டு இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும். உருகும் நேரமும் கண்கூடாகக் குறையும்.

சிலிண்டரும் ஆக்சிஜனும்

கோவையிலும் சேலத்திலும் ஆக்சிஜன் சிலிண்டர் கிடைப்பது எளிது; வெல்டிங் பட்டறை இல்லாத தெரு குறைவு. எல்பிஜியோடு ஆக்சிஜன் சேர்ந்தால் தீ 2,800 டிகிரிவாக்கில் போகும். ஐம்பது கிராமை ஒன்றிரண்டு நிமிடத்தில் உருட்டிவிடலாம். அதனாலேயே பலருக்கு ஆசை.

வெள்ளிக்கு இந்தச் சூடு தேவையில்லை. பிளாட்டினம் தொடுபவர்களுக்கு இது வேண்டும். வெள்ளியிலோ தீ பட்ட இடம் மட்டும் கொதித்து, கண்ணிகளைப் பற்றவைக்கும் பற்றுப்பொடியிலுள்ள துத்தநாகம் வெண்புகையாகப் பறக்கும். தீயை ஒரு நூல் தவறவிட்டால் உபரி ஆக்சிஜன் நேராக வெள்ளிக்குள் போகும். வேகத்தில் மிச்சமானது கொப்புளத்தில் போய்விடுகிறது. ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ பட்டால் தானாகவே தீப்பிடிக்கும் என்பதையும், தீ குழாய்க்குள் திரும்பாமல் தடுக்கும் வால்வு இரண்டு குழாய்க்கும் கட்டாயம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; எண்ணெய்க் கையோடு வேலை செய்யும் பட்டறையில் முதலாவது எளிதில் நடக்கக்கூடியது. சிலிண்டர் வாடகை, முன்பணம், தூக்கி வரும் கூலி ஆகியவை உருக்கினாலும் உருக்காவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஏற்கெனவே வேறு வேலைக்காக இந்த ஏற்பாடு வைத்திருப்பவர், பெரிய முனையை மாட்டி, ஆக்சிஜனைக் குறைத்து, மெத்தென்ற தீயில் வெள்ளியை உருக்கிக்கொள்ளலாம். வெள்ளிக்கென்றே புதிதாக வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

கரண்ட் உலை

ஒரு கிலோ கொள்ளும் கிராஃபைட் மூசையோடு வரும் சிறு மின் உலை, இப்போது பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் பல விலைகளில் கிடைக்கிறது. தீ இல்லை, சீறல் இல்லை, சூட்டை எண்ணில் பார்க்கலாம். கிராஃபைட் தானே ஆக்சிஜனைத் தின்பதால் வெள்ளி மிகச் சுத்தமாக உருகும். வார்த்த கட்டியின் தரத்தை மட்டும் பார்த்தால் இந்த ஐந்தில் இதுவே முதலிடம். சூட்டைத் தேக்கிவைப்பது என்ற என் கணக்கின்படியும் இதற்கே வெற்றி.

ஆனால் இருபது கிராமுக்கு இது யானைத் தொட்டியில் ஆழாக்கு நீர். அடியில் பரவி நிற்கும் அவ்வளவு சிறிய வெள்ளி, ஊற்றுவாய்க்கு வருவதற்குள் சுவரில் ஒட்டியே கொஞ்சம் நின்றுவிடும். நூறு கிராமுக்கு மேல் போனால்தான் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாததாகிறது. முதல் சூட்டுக்கு இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். ஆகவே ஒரு நாளில் நாலைந்து வார்ப்பு அடுத்தடுத்து இருந்தால் லாபம், ஒரே ஒரு வார்ப்புக்கு வீண். கிராஃபைட் மூசை ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் எரிந்து மெலிகிறது. அதை மாற்றும் செலவை யாரும் விற்கும்போது சொல்வதில்லை. நடுவில் கரண்ட் போனால் பாதி உருகியது மூசையோடு உறைந்துவிடும். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் மின்கட்டண வகையும் மாற வேண்டியிருக்கும்.

மெல்டிங் கடை

சேலம் செவ்வாய்ப்பேட்டை வட்டாரத்திலோ கோவை ராஜ வீதிப் பக்கத்திலோ வசிப்பவருக்கு, கூலிக்கு உருக்கித் தரும் இந்தக் கடை நடந்துபோகும் தூரம். தாராபுரத்திலிருந்து வருபவருக்கு ஒரு நாள் கூலி. உருக்குகூலி சிறியது. எனினும் கூலியை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியன்று.

இதன் முதல் நன்மை டச். உருக்கிய கட்டியில் எத்தனை பங்கு வெள்ளி என்று அங்கேயே பார்த்துவிடலாம். பழைய நகையை அழிப்பவருக்கு இது மிக முக்கியம். கொலுசு ஒன்றில் எத்தனை கண்ணி, எத்தனை பற்று என்று எண்ணிப் பாருங்கள். பற்றுப்பொடியில் வெள்ளி குறைவு. ஆகவே 80 டச் என்று வாங்கிய கொலுசு உருகி வரும்போது அதைவிடக் குறைவாகவே வருவது இயல்பு. அதைக் கடைக்காரரின் திருட்டு என்று எண்ணிக்கொள்வோரே அதிகம். இரண்டாவது நன்மை புகை. பழைய பற்றில் காட்மியம் இருக்க வாய்ப்புண்டு. அது 767 டிகிரியிலேயே கொதிக்கும், வெள்ளி உருகுவதற்கு முன்பே நச்சுப் புகையாகிவிடும். எந்தக் காலத்தில் யார் பற்றவைத்தது என்று தெரியாத நகையை வீட்டில் உருக்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

மறைமுகச் செலவுகளும் உண்டு. டச் பார்க்கும் எக்ஸ்ரே கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கிறது. முலாம் பூசிய நகையை உருக்குவதற்கு முன் காட்டினால் தவறான எண் வரும், ஆகவே உருக்கிய பிறகு கட்டியில் பார்க்கச் சொல்ல வேண்டும். பொதுவான மூசையில் முந்தையவரின் மணிகள் சில இருக்கும். உங்கள் மணிகள் சில அங்கேயே தங்கும். பத்து கிராம் கொண்டுபோனால் இது பெரிய சதவீதம், இருநூறு கிராமுக்குப் பொருட்டில்லை. ஒருமுறை வெளியூரில் ஒரு கடையில், என் அறுபது கிராம் அரப்பொடியை உருக்கியபின், வெண்காரக் கசடைக் கேட்டேன். அதற்குள் அது வாளிக்குள் போய்விட்டிருந்தது. அன்று முதல் நான்கு காரியம் தவறாமல் செய்கிறேன்: போடும் முன் எடை, காலி மூசையைக் கண்ணால் பார்ப்பது, உருகும்வரை அங்கேயே நிற்பது, கட்டியோடு கசடையும் வாங்கிக்கொள்வது. கசடை உடைத்து நீரில் அலசினால் குண்டூசித் தலையளவு மணிகள் அடியில் நிற்கும்.

பக்கத்தில் பக்கமாக

| வழி | வசதியான அளவு | கட்டியின் தரம் | சேதாரம் எங்கே | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| கேன் டார்ச் | 20 கிராம் வரை | நேரம் நீண்டால் நுண்குழி | பொடி பறப்பது | கேனைச் சாய்க்காதிருத்தல், கேஸ் விலை |
| சிலிண்டர், காற்று | 30 முதல் 150 கிராம் | பழகினால் நன்று | மூசைச் சுவர், கசடு | வணிகச் சிலிண்டர், ஆடிக் காற்று |
| சிலிண்டர், ஆக்சிஜன் | 200 கிராம் வரை | கொப்புளம் எளிதில் வரும் | துத்தநாகப் புகை, அதிகச் சூடு | எண்ணெய், வாடகை |
| கரண்ட் உலை | 100 கிராமுக்கு மேல் | மிக நன்று | மூசைச் சுவர் | மூசை தேய்மானம், மின்தடை |
| மெல்டிங் கடை | 50 கிராமுக்கு மேல் | நன்று | பொது மூசை, கசடு | பயணம், கூட இருந்து பார்த்தல் |

அளவுகள் என் கைப்பழக்கத்தின்படி எழுதியவை. தீயைப் பிடிக்கும் கை மாறினால் முன்பின் ஆகும்.

கேட்ட மூவருக்கு

கோவைப் பெண், கேன் டார்ச்சோடு தொடங்கலாம். ஆனால் முப்பது கிராமை ஒரே மூச்சில் உருக்க முயலாமல், இரண்டு பதினைந்தாக உருட்டி அடித்துக்கொள்ள வேண்டும். டார்ச்சுக்குச் செலவிடுவதில் கால் பங்கைக் காப்புச் செங்கலுக்கும் கரிக்கட்டைக்கும் ஒதுக்கினால், விலை கூடிய டார்ச் வாங்குவதைவிடப் பலன் தெரியும். சொந்த வேலையில் விழுந்த 92.5 துண்டுகளே என்பதால் டச்சைப் பற்றிய கவலை இல்லை. எந்தப் பற்று போட்டார் என்பதும் அவருக்கே தெரியும். பற்று அதிகமுள்ள துண்டுகளை மட்டும் தனி டப்பாவில் போட்டு வைத்து, ஐம்பது கிராம் சேர்ந்தபின் கடைக்கு அனுப்பட்டும். உருக்கிய கட்டி கருஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது செம்பின் படலம். புளி கரைத்த நீரில் கொதிக்கவைத்தால் பெரும்பகுதி விட்டுவிடும், அதற்கு வைக்கும் பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

சிவதாபுரத்து இளைஞருக்கு வாரம் இருநூறு கிராம். அவர் மனம் கரண்ட் உலைக்கும் துருத்தி டார்ச்சுக்கும் இடையே ஊசலாடுகிறது. நூறு நூறாக இரண்டு நாள் உருக்குவதாக இருந்தால் துருத்தி டார்ச்; சேர்த்து வைத்து வாரத்துக்கு ஒரு நாள், அடுத்தடுத்து வார்ப்பதாக இருந்தால் உலை. கம்பி இழுப்பவர் என்பதால் நுண்குழி அவருக்குப் பெரிய பகை. அந்த ஒரு காரணத்துக்காக, கையில் பணம் இருந்தால் உலையின் பக்கம் சாய்வேன். இல்லையென்றால் துருத்தி டார்ச்சில் உருக்கும்போது மூசையில் ஒரு சிறு கரித்துண்டை மிதக்கவிட்டு, வார்க்கும்வரை அதை எடுக்காமல் இருந்தாலே கம்பி அறுவது குறையக் காண்பார்.

கோபிக்காரர் எதையும் வாங்க வேண்டாம். பழைய நகை, டச் தெரியாத வெள்ளி, எந்தப் பற்று என்று அறிய வழியில்லாத கண்ணிகள்: மூன்றும் சேர்ந்தால் மெல்டிங் கடைதான். போவதற்கு முன் நகையைப் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்து அழுக்கை நீக்கி, காயவைத்து, வீட்டிலேயே எடை போட்டுக்கொள்ளட்டும். பாட்டி காலத்து அழுக்கு கொஞ்சமாவது இருக்கும், அது கடையில் குறைந்தால் வீண் சண்டை வரும். தண்டைக்குள் அரக்கோ மணலோ இருக்கிறதா என்றும் குலுக்கிப் பார்க்க வேண்டும். எங்காவது தர முத்திரை தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் தனியே வைத்து, உருக்குவதா அப்படியே மாற்றிக்கொள்வதா என்று விலை கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும். உருகினால் முத்திரை போய்விடும், பிறகு அது பெயரில்லாத கட்டிதான். தண்டையை மட்டும் அழித்துவிட்டு அரைஞாண்கொடியைப் பற்றவைத்துக்கொள்ளலாமா என்றும் அவர் கேட்டிருந்தார். அறுந்தது ஒரே இடம் என்றால், தாராளமாக.